ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்று சொல்லி சீன மாணவரை விலக்கலாமா?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் சீன மாணவரை, "ஏற்றுமதிக் கட்டுப்பாடு" (முக்கியத் தொழில்நுட்பத்தை வெளிநாட்டவருடன் பகிர்வதைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க விதிகள்) என்று வாய்மொழியாகச் சொல்லி ஒரு திட்டத்திலிருந்து நீக்கியிருக்கிறார்கள். இது செல்லுமா? எங்கே முறையிடுவது?

பதில் 1: முதலில் நிதி ஒப்பந்தத்தைப் பாருங்கள். முடிவுகளைத் தடையின்றி வெளியிடும் அடிப்படை ஆராய்ச்சிக்கு இந்தக் கட்டுப்பாடு பொதுவாகப் பொருந்தாது. ஆனால் நிதி தருபவர் அனுமதித்தால்தான் வெளியிடுவேன், இன்ன நாட்டவரைச் சேர்க்கமாட்டேன் என்று பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தில் ஏற்றிருந்தால் அந்தச் சலுகை போய்விடும். பெரும்பாலும் சிக்கலே இந்த இடத்தில்தான். அப்போதும்கூட, அந்த மாணவருடன் தொழில்நுட்பத்தைப் பகிர அரசிடம் உரிமம் கோரி விண்ணப்பிக்க வழி உண்டு. நேராக ஆளை நீக்குவது சோம்பேறித்தனம். எந்த விதி, எந்தத் தொழில்நுட்பம் என்று பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள்.

பதில் 2: நாள் கணக்கு முக்கியம். 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்புப்படி (அரசு நிதி பெறும் நிறுவனங்களில் இன, பூர்வீகப் பாகுபாட்டைத் தடுக்கும் பகுதி), அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் 180 நாளுக்குள் புகார் தரவேண்டும். கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டாம். பல்கலைக்கழகத்துக்குள் முறையிட்டுவிட்டோம் என்று காத்திருந்து பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள். உதவித்தொகையோடு ஆய்வக வேலையும் போனதென்றால் அது அதே சட்டத்தின் ஏழாம் தலைப்பு, அதாவது வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் பகுதி. சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாள், பல மாநிலங்களில் 300.

பதில் 3: ஒரு திருத்தம். இச்சட்டம் காப்பது பூர்வீகத்தை, குடியுரிமையை அல்ல. அதனால் சீன வம்சாவளி அமெரிக்கர்களையும் அதே ஆய்வகம் ஒதுக்குகிறதா என்று பாருங்கள். ஒதுக்கினால் உங்கள் புகார் வலுவாகும்.