ரேடியோ நிலையத்துக்கு நண்பன் அனுப்பாமல் விட்ட ரிசப்ஷன் ரிப்போர்ட்டை நான் அனுப்பலாமா?

பழைய டயல்:
சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோ கேட்பதில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். அவனுடைய ரேடியோ, நோட்டுகள், க்யூஎஸ்எல் அட்டைப் பெட்டி (நாம் கேட்டதை உறுதிசெய்து நிலையங்கள் அனுப்பும் அட்டைகள்) எல்லாவற்றையும் அவன் மகள் என்னிடம் கொடுத்துவிட்டாள். "இதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும் மாமா" என்றாள்.

எங்கள் வழக்கம் இதுதான். இருட்டியதும் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து 31 மீட்டர் அலைப்பட்டையிலோ 49 மீட்டர் அலைப்பட்டையிலோ ஒரே நிலையத்தைத் தேடுவோம். பிடித்ததும் போன். அப்புறம் சின்போ மார்க்கில் சண்டை (சிக்னல், குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், ஒட்டுமொத்தம் என்று ஐந்துக்கும் வரிசையாக 1 முதல் 5 வரை; 5-தான் நல்லது). அவன் மகா தாராளம். இரைச்சலுக்கு நடுவே நாலு வார்த்தை காதில் விழுந்தால் போதும், "அருமையா கேக்குதுடா" என்பான். நோட்டின் ஓரத்தில் என்னைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிகிறது: 'இவன் 2 என்கிறான். காது டாக்டரிடம் போகச் சொல்லணும்.'

கடைசி நோட்டுக்குள், ஒலிபரப்பு எப்படிக் கேட்டது என்று நிலையத்துக்கு எழுதும் ரிப்போர்ட் ஒன்று, உறையில் முகவரி கூட எழுதியாயிற்று. 25 மீட்டர். தேதி, யுடிசி (உலகப் பொது) நேரம், அலைவரிசை, அரை மணி நேர நிகழ்ச்சி விவரம் எல்லாம் கச்சிதம். சின்போ 43434. அதே ஒலிபரப்பை நானும் கேட்டேன். குரல் ஏறுவதும் அமுங்குவதுமாக இருந்தது. கடைசி எண்ணுக்கு 3-க்கு மேல் தேறாது.

இதை அனுப்பலாமா? யார் பெயரில்? அந்த 4-ஐ என்ன செய்ய?

இன்னொன்று, ரேடியோவில் அல்கலைன் பேட்டரி கசிந்து ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி.

அலை31:
வருத்தமாக இருக்கிறது. இப்படிச் சண்டை போட ஆள் கிடைப்பது லேசில்லை.

அனுப்புங்கள், அவர் பெயரிலேயே. கேட்டது அவர்தானே. விஷயத்தைத் தனித்தாளில் நாலு வரி எழுதி, பதில் முகவரியாக உங்களுடையதைப் போடுங்கள். இப்போது பல நிலையங்கள் மின்னஞ்சலில்தான் அட்டை அனுப்புகின்றன, காகித அட்டை வேண்டுமென்று கேட்டுவிடுங்கள்.

மார்க்கைத் தொடாதீர்கள். ஒட்டுமொத்த எண் மற்ற நான்கில் குறைந்ததைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம்தான். ஆனால் அட்டை தருவதற்கு நிலையத்தார் ஒத்துப்பார்ப்பது நேரத்தையும் நிகழ்ச்சி விவரத்தையும்.

சோல்டர் புகை:
பேட்டரி விஷயம் மட்டும் சொல்கிறேன். அந்தப் பொடி காரத்தன்மை (அல்கலி) உள்ளது. வெறுங்கையால் தொடாதீர்கள். பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடையுங்கள், நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங் அரித்துப் போயிருந்தால் மாற்றிவிடலாம், பெரிய வேலையில்லை.

அட்டைகளை லேமினேட் செய்துவிடாதீர்கள், ரப்பர் பேண்டும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். ரேடியோ நெதர்லாந்து மாதிரி 2012-லேயே சிற்றலையை விட்ட நிலையங்களின் அட்டை இனி வராது.

நள்ளிரவு நேயர்:
எனக்கு உடன்பாடில்லை. உறை எழுதியும் அவர் அனுப்பவில்லை என்றால் ஏதாவது காரணம் இருந்திருக்கும். நோட்டிலேயே இருக்கட்டுமே.

பழைய டயல்:
காரணமா? தபால்தலை வாங்கச் சோம்பல். பழைய நோட்டுகளிலும் இப்படி நாலைந்து கிடக்கின்றன.

ஆனால் கேட்பதில் அவனுக்குச் சோம்பலே கிடையாது. சூரியப் புள்ளிகள் குறைந்தால் 13 மீட்டர் மாதிரிப் பட்டைகள் படுத்துவிடும். 2019-ல் அவை அடிமட்டத்துக்குப் போனபோது 13 மீட்டரில் ஒரு சத்தமும் இல்லை. நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். அவன் மட்டும் தினமும் பகலில் ஒருமுறை டயலைச் சுற்றி 'ஒன்றுமில்லை' என்று குறித்து வைத்திருக்கிறான். பக்கம் பக்கமாக 'ஒன்றுமில்லை'. 2024-ல் உச்சம் வந்து அதே 13 மீட்டர் பட்டப்பகலில் கணீரென்று கேட்டபோது, "சொன்னேன்ல?" என்று போன் செய்தான். அந்தப் பக்கத்தில் 55555 போட்டிருக்கிறான். அதுவும் அநியாயம்தான், ஒரு 45444 கொடுக்கலாம்.

சரி, அனுப்பிவிடுகிறேன். அவனுடையது அப்படியே இருக்கட்டும். அதே ஒலிபரப்புக்கு என் ரிப்போர்ட்டையும் 43433 என்று எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன்.

அலை31:
ஒரே உறையில் போடாதீர்கள். ஒரே ஆள் என்று நினைத்து ஒரு அட்டையோடு நிறுத்திவிடுவார்கள்.