செடென்டரி பிஹேவியர்: ‘உடலுழைப்பின்மை’ வேண்டாம், ‘நெட்டிருப்பு’ என்று வைப்போம்

குழுவினருக்கு வணக்கம்.

‘செடென்டரி பிஹேவியர்’ (sedentary behaviour), அதாவது நீண்ட நேரம் இருந்துகொண்டே (உட்கார்ந்துகொண்டே) கழிப்பதற்கு, நம் கலைச்சொல் குழுவில் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை வந்த சொற்களில் ‘உடலுழைப்பின்மை’க்குத்தான் ஆதரவு கூட. எனக்கு அது வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் ஒரு சுகாதாரத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்க உதவினேன். அதில் நான் போட்டதும் இதே மாதிரிதான், ‘உடலுழைப்பற்ற வாழ்க்கை’. கிழக்கிலங்கையின் கல்முனையில் பஸ் சாரதி அண்ணன் ஒருவரிடம் கொடுத்தபோது நாலு வரி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “விடிய நாலரைக்கு எழும்பி ராவு ஒன்பது மணி மட்டும் ஸ்டியரிங் பிடிக்கிறன். உழைப்பில்லாத ஆள் எண்டு யாரைச் சொல்றீங்க?” என்று கேட்டார். அவருக்கு ஏற்கெனவே சீனி வருத்தம் (நீரிழிவு). யாருக்காக எழுதினோமோ அவருக்கே அந்தத் தாள் போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நீண்ட நேரம் இருப்பதன் கெடுதலைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வழி திறந்ததே ஒரு பஸ் ஆய்வுதான். 1953இல் ஜெரி மொறிஸ் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாள் முழுக்க இருந்தபடி ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள், இரண்டு பேரும் உழைப்பாளிகள். அப்போ ‘உழைப்பின்மை’ என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சிக்கல், இங்கே இரண்டு கருத்துகள் ஒன்றாகக் குழம்புகின்றன. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்யாமல் விடுவது ஒன்று. நீண்ட நேரம் இருந்துகொண்டே இருப்பது வேறொன்று. ஒருவர் காலையில் கல்லடிக் கடற்கரையில் அரை மணி நடந்துவிட்டுக் கந்தோருக்குப் போய்ப் பத்து மணி நேரம் கதிரையில் இருக்கலாம். முதல் கணக்கில் அவர் தேறிவிடுவார், இரண்டாவதில் தேறமாட்டார். 2016இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஆய்வொன்றில், எட்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பதால் கூடும் மரண அபாயம், தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்தவர்களிடம்தான் இல்லாமல் போனது. தினமும் அவ்வளவு செய்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். ‘உடலுழைப்பின்மை’யை எடுத்து இதற்குக் கொடுத்துவிட்டால் முதலாவதுக்கு எதை வைப்பீர்கள்?

2012இல் ஆய்வாளர்கள் கூடி வைத்த வரையறையைப் பாருங்கள். விழித்திருக்கும் நேரத்தில், இருந்தோ சாய்ந்தோ, 1.5 மெட் (சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றல்தான் 1 மெட்) அல்லது அதற்குக் குறைவான ஆற்றலைச் செலவழிக்கும் நிலை. 2017இல் ‘கிடந்தோ’ என்பதையும் சேர்த்தார்கள். சோம்பல் என்றோ உழைப்பில்லை என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை, உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் எவ்வளவு ஆற்றல் போகிறது என்பதும்தான் இருக்கிறது.

> ‘அமர்ந்த நடத்தை’ என்று நேரடியாக வைத்தால் என்ன?

நடத்தை என்ற சொல்லுக்குள் ‘நட’ இருக்கிறதே ஐயா. பாடப்புத்தகத்தில் பழகிப்போனதால் நமக்கு உறைக்காது, ஆனால் நடக்காமல் இருப்பதைச் சொல்லும் இடத்தில் அது இடிக்கிறது. ‘அமர்வு’ ஏற்கெனவே கருத்தரங்குக்குப் போய்விட்டது.

> நமது ஊர்ச் சொல்லாக ‘நெடுங்குந்தல்’ எப்படி?

சம்மாந்துறை நண்பரின் இந்தச் சொல் எனக்குப் பிடித்தது, ஊர் வாசம் இருக்கிறது. ஆனால் பொருள் மாறிவிடும். கரையில் குந்தியிருந்து மீன் வெட்டும் பெண்ணின் தொடைத் தசை சும்மா இருப்பதில்லை. தான்சானியாவின் ஹட்சா மக்களைப் பற்றி 2020இல் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. அவர்களும் நாளில் பத்து மணி நேரம் அளவில் ஓய்வாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் குந்தியும் முழந்தாளிட்டும் இருப்பதால் கால் தசை வேலை செய்துகொண்டிருக்கிறது. கெடுதல் செய்வது கதிரை இருப்பு. தசை சுருங்கி விரியாமல் கிடந்தால், சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சீனியை அது சரியாக இழுத்துக்கொள்ளாது.

அதனால் நான் வைக்கும் சொல் நெட்டிருப்பு. நெடு, இருப்பு. ‘நெட்டுயிர்ப்பு’ எப்படிப் புணர்ந்ததோ அப்படியே.

நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் “இரிங்க” என்றால் அவர் கதிரையைப் பார்ப்பார். சென்னையில் “இருங்க” என்றால் நின்றபடியே காத்திருப்பார். இதனால்தான் தமிழ்நாட்டு நண்பர்கள் தயங்குகிறார்கள், ‘இருப்பு’ என்றால் கையிருப்பு, உள்ளது என்றுதானே தோன்றும் என்கிறார்கள். ஆனால் ‘இருக்கை’ அங்கேயும் இருக்கை தானே? பெருமாள் கோயிலில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று சொல்லாதவர் யார்? பொருள் அங்கேயும் உயிரோடு இருக்கிறது, பேச்சில் கொஞ்சம் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். கலைச்சொல் வேலையில் கிழக்குக்கும் சென்னைக்கும் அவ்வளவு பழைய உறவு, இந்த ஒரு சொல்லில் பிரிந்துபோக வேண்டாம்.

கிடப்பது இதில் வரவில்லையே என்று அக்கா ஒருவர் கேட்டது சரியான கேள்வி. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் ‘இரு’ என்பது மட்டும்தான், மிச்சத்தை வரையறை பார்த்துக்கொள்கிறது. நமக்கும் அது போதும்.

இந்தச் சொல்லை வைத்தால் பின்னால் வருபவையும் சுலபமாகக் கிடைக்கின்றன. நாள் முழுக்க இருந்த மொத்த மணிகள் ‘இருப்பு நேரம்’. எழும்பாமல் ஒரே மூச்சில் இருப்பது ‘ஓரிருப்பு’. இடையில் எழும்பி நடப்பது ‘இடையெழல்’. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் சீனியும் இன்சுலினும் குறைவாக ஏறியதை 2012இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அதைத் தமிழில் எழுத இந்த மூன்று சொல்லும் கட்டாயம் தேவைப்படும்.

பிரசுரத்தின் முதல் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “உங்கள் தொழில் உங்களை மணிக்கணக்காக ஒரே இடத்தில் இருக்க வைக்கிறதா? இந்த நெட்டிருப்பு இதயத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் கூடாது. பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கி இரண்டு நிமிடம் நடவுங்கள்.”

வெள்ளிக்கிழமை கல்முனைக்குப் போய் அதே அண்ணனிடம் கொடுக்கப் போகிறேன். திங்கள் அச்சுக்குப் போகிறது, மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.