உறவுமுறைத் தத்து: தந்தையின் சம்மதம் கிடைக்காத நிலையில் வழி உண்டா?

மதுரையில் வசிக்கும் நான், என் அக்காவின் ஒன்பது வயது மகளைத் தத்தெடுக்க விரும்புகிறேன். சிறுநீரகச் செயலிழப்பால் டயாலிசிஸ் சிகிச்சையில் இருக்கும் அக்காவின் விருப்பமும் இதுவே. என் மனைவிக்கும் குழந்தைக்கும் முழுச் சம்மதம். நாங்கள் இந்துக்கள்.

அக்காவுக்கு 2021-இல் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆயிற்று. குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கவும், தந்தை மாதம் ஒருமுறை சந்திக்கவும் குடும்ப நல நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-க்குப் பிறகு தந்தை வரவில்லை. பழைய முகவரிக்கு அனுப்பிய வழக்கறிஞர் நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டது. அவருடைய உறவினர்களும் வாய் திறப்பதில்லை.

தத்துப் பத்திரம் பதியச் சென்றபோது, தந்தையின் கையெழுத்து இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, அவர் துறவு பூண்டிருந்தாலோ, மதம் மாறியிருந்தாலோ, மனநலம் குன்றியவர் என நீதிமன்றம் அறிவித்திருந்தாலோ மட்டுமே அவருடைய சம்மதம் தேவையில்லை. பொறுப்பைக் கைவிட்டுத் தலைமறைவானவரைப் பற்றி இந்த விதிவிலக்குகளில் ஒன்றும் இல்லை என்பதுதான் வேதனை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் கீழ் குழந்தைக்குக் காப்பாளராகலாம் என்று ஒரு வழக்கறிஞர் கூறினார். ஆனால் அதனால் அவள் எங்கள் சட்டப்பூர்வ மகளாக மாட்டாள், வாரிசுரிமையும் வராது.

தத்தெடுக்க வழி தரும் இன்னொரு சட்டமான இளைஞர் நீதிச் சட்டம் தாய்மாமனையும் உறவினராக ஏற்கிறது. 2022 செப்டம்பர் முதல் அச்சட்டத்தின்படி தத்து உத்தரவை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். இவ்வழியில் விண்ணப்பித்தால், இருப்பிடம் தெரியாத தந்தையின் சம்மதத்துக்கு ஈடாக எந்த நீதிமன்றத்தில், என்ன உத்தரவு பெற வேண்டும்?