மணல்ல ஓடுற வீல்சேர் செஞ்சாச்சு, விக்கிறது எப்படி?

பாம்பன்பையன்: நானும் ஃப்ரெண்டும் மெக்கானிக்கல், மீன்பிடி வல்லத்துல விழுந்து இடுப்புக்கு கீழ உணர்வு போன எங்க மாமாவுக்காக அகல டயர் வச்சு ஒரு வீல்சேர் பண்ணோம், இப்ப தங்கச்சிமடத்துல நாலு பேரு கேக்குறாங்க. தொழிலா பண்ண எங்க கத்துக்கிறது?

கீழக்கரை_பிசியோ: தம்பி, மாமாவுக்கு செட் ஆனது மத்தவங்களுக்கு ஆகணும்னு இல்ல. மண்டபம், தேவிபட்டினம்னு பத்து வீட்ல ஒரு மாசம் குடுத்துப் பாரு. உப்புக்காத்துல பேரிங் என்ன ஆகுதுன்னும் பாரு, அதான் பெரிய பரீட்சை. உக்கார்ற அளவு தப்பானா படுக்கைப்புண்ணு வந்துரும், அதுக்கு பிசியோ ஒருத்தரை டீம்லயே வச்சுக்கோ.

தொண்டிக்காரன்: சென்னை ஐஐடில ஆர்2டி2 சென்டர் இருக்கு, மாற்றுத்திறனாளிங்களுக்கான கருவிகளை உருவாக்குற இடம், நியோமோஷன் கம்பெனி அங்கருந்து வந்ததுதான், ஆளுக்கு அளவெடுத்து சேர் செய்றாங்க. காசுக்கு மத்திய அரசோட பைராக் அமைப்பு புது ஐடியாவுக்கு குடுக்குற பிக் கிராண்ட், 50 லட்சம் வரைக்கும். 2017 மெடிக்கல் டிவைஸ் ரூல்ஸையும் படிச்சிரு, நான் சோம்பேறித்தனமா தள்ளிப்போட்டு மாட்டுனேன்.

ராமேஸ்வரம்_சலீம்: நம்மூரு கலாம் ஐயா ஏவுகணைக்கு செஞ்ச பொருளை வச்சுதானப்பா நடக்க முடியாத புள்ளைங்க கால்ல மாட்டுற 3 கிலோ காலிப்பரை 300 கிராமாக்குனாரு! அதுவும் ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர் கூப்டு காட்டுனதால.

பாம்பன்பையன்: அக்கா, பேரிங் யோசிக்கவே இல்ல. மாமா சேர் இப்பவே கீச்சு கீச்சுங்குது.