விட்டுப் போனவர் திரும்பி வந்தால் அது தோல்வியா?

மறுகரை:
பதினேழு வருஷம் கத்தோலிக்கக் கோயில் பக்கமே போகவில்லை. போன மாதம் குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நற்கருணை அப்பம் வாங்கினேன். “அப்பா போன துக்கத்தில் நீ இளகிவிட்டாய்” என்கிறான் நண்பன். கடவுளைப் பற்றிய என் சந்தேகங்கள் இன்னும் முழுசாகத் தீரவில்லை என்பதும் உண்மைதான். இப்படி வந்தது தப்பா?

ஏன்_எதற்கு:
உங்கள் நண்பர் சொல்வது சரி. நம்பிக்கை போனதும் நேர்மையாக வெளியேறினீர்கள். அன்று கேட்ட எந்தக் கேள்விக்கு இன்று பதில் கிடைத்தது? சிறுவர்களைச் சீரழித்த குருக்களை மூடி மறைத்தார்களே, அதற்கு? பதில் இல்லாமலே திரும்பினால் அது விசுவாசம் இல்லை, வீட்டு ஏக்கம்.

மறுகரை:
மூடி மறைத்ததை நான் மன்னிக்கவில்லை. இனி உள்ளே இருந்துகொண்டே கேட்பேன். ஏக்கம் என்றால் இருக்கட்டுமே. லூக்கா 15இல் இயேசு சொன்ன கதையில், சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்த அந்த இளைய மகன் தத்துவம் தெளிந்தா வீடு திரும்பினான்? வயிறு காய்ந்துதான் வந்தான்.

பாவசங்கீர்த்தனம் செய்த அன்று பதினேழு வருஷத்தை எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. “நினைவுக்கு வர்றதைச் சொல்லுங்க” என்றார் ஃபாதர். கடைசியில், பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் “என் சர்வேசுரா சுவாமி”யோடு நின்றுவிட்டது. அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் பின்னாலேயே சொன்னேன், முதல் நற்கருணைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி.

பீடச்சிறுவன்:
எனக்கு வேறு வருத்தம். அந்தப் பதினேழு வருஷமும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனவன் நான். நீங்கள் பத்து நிமிஷத்தில் உள்ளே வந்துவிட்டீர்கள்! கொஞ்சமாவது காத்திருக்க வைக்க வேண்டாமா?

சுவடி:
அதே லூக்கா 15இல் வீட்டிலேயே இருந்த மூத்த மகனும் இதைத்தான் கேட்டான், தம்பி. திருச்சபைக்குள்ளும் இது பழைய சண்டை. கி.பி. 250 வாக்கில் ரோமைப் பேரரசன் தேசியுஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்றபோது, உயிருக்குப் பயந்து கிறிஸ்தவர்கள் பலர் பலியிட்டார்கள். சிலர் காசு கொடுத்துப் பொய்ச் சான்றிதழ் வாங்கினார்கள். துன்புறுத்தல் அடங்கியதும் அவர்கள் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். சேர்க்கவே கூடாது என்றார் ரோமைக் குரு நொவாசியன். தவம் செய்ய வைத்துச் சேர்க்கலாம் என்றார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். கடைசியில் நின்றது சிப்ரியான் பக்கம்தான். தவம் அந்தக் காலத்தில் நீண்டது, கடுமையானது. அதில் உங்கள் வருத்தம் நியாயம்.

ஏன்_எதற்கு:
வாசல் திறந்திருப்பது இருக்கட்டும். நான் போக விரும்பினால் போக விடுகிறார்களா? கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு “அழியாத முத்திரை” என்கிறார்கள். என்னைக் கேட்டா ஊற்றினார்கள்?

சுவடி:
கேட்கவில்லைதான். அந்த முத்திரை அழியாது என்பதால்தான் திரும்பி வருபவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. உங்களுக்கு விலங்காகத் தெரிவது மறுகரைக்கு வழியாகிவிட்டது.

வாசற்படி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கோயிலை விட்டு விலகியிருந்தபோது பதிவுத் திருமணம் செய்தேன். இருவருக்கும் அதுதான் முதல் திருமணம். கணவர் வேறு மதம். எனக்கும் பாவசங்கீர்த்தனம் மட்டும் போதுமா?

சுவடி:
போதாதும்மா. கத்தோலிக்கர் கோயில் முறைப்படிதான் மணக்க வேண்டும் என்ற சட்டத்திலிருந்து, திருச்சபையை முறைப்படி விலகியவர்களுக்கு இருந்த விலக்கைக்கூட 2009இல் திருத்தந்தை பெனடிக்ட் எடுத்துவிட்டார். அதனால் திருமணத்தையும் சீராக்க வேண்டும். கணவர் கோயிலில் மறுபடி சம்மதம் சொல்ல மாட்டேன் என்றாலும், அவர் மண உறவில் உறுதியாக இருந்தால் ஆயர் மூலம் வழி உண்டு. பங்குக் குருவிடம் பேசுங்கள்.

ஏன்_எதற்கு:
ஆக, போனால் கணக்கில் வராது. வந்தால் மட்டும் தாள் மேல் தாள்!

வாசற்படி:
தாளை நான் பார்த்துக்கொள்கிறேன். அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. நான் கத்தோலிக்கப் பெண் என்பதையே அவர் மறந்திருப்பார்.