மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா?

கோட்டையூர்க்காரி:
அக்காள் மகனுக்கு 19 வயது. கண் மஞ்சளாகிவிட்டது, சோறு இறங்கவில்லை. பக்கத்து வீடுகளில் கீழாநெல்லி என்கிறார்கள்; அக்காள் ஆஸ்பத்திரி என்கிறாள். எதைக் கேட்பது?

பள்ளத்தூர் ஐயா:
கீழாநெல்லிதான் அம்மா. வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுங்கள். உப்பு, புளி, எண்ணெய் கூடாது. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் குணமானது. சென்னை ஆய்வாளர்களே இதைக் கொடுத்துப் பார்த்து 1988இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது.

காரைக்குடி மருந்தாளுநர்:
ஐயா, அந்த ஆய்வு உண்மை. பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வந்தது பெரும்பாலும் அசுத்தத் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ ஆக இருந்திருக்கும். அது பெரும்பாலானோருக்குத் தானாகவே தணிந்துவிடும். நல்ல பெயர் கீழாநெல்லிக்குப் போகிறது.

காமாலை வெறும் அறிகுறி. பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அந்தக் கல்லை எடுத்தாக வேண்டும். நாள்பட்ட பி வகைக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இருக்கின்றன. சி வகையை சோஃபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகள் பெரும்பாலும் 12 வாரங்களில் ஒழித்துவிடுகின்றன. எந்த வகை என்று இரத்தம் பார்க்காமல் யாருக்குத் தெரியும்?

பள்ளத்தூர் ஐயா:
ஏ வகைக்கு உங்களிடமும் மருந்து இல்லையே தம்பி! ஓய்வெடு, கஞ்சி குடி என்றுதானே டாக்டரும் சொல்கிறார்? அதைக் கேட்கவா இல்லாதவர்கள் காசைக் கொட்ட வேண்டும்?

தேவகோட்டை செவிலி:
அரசு மருத்துவமனைக்குப் போனால் காசைக் கொட்ட வேண்டியதில்லை ஐயா. கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் ஹெபடைடிஸ் இ வந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. அவளையும் மோர் கொடுத்து வீட்டில் வைத்திருப்பீர்களா? காமாலைக்குக் கையில் சூடு போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பள்ளத்தூர் ஐயா:
சூடு போடுவதை நானும் ஒப்பவில்லை. கர்ப்பிணிக்கு ஆஸ்பத்திரிதான். இந்தப் பையனுக்கு இரத்தமும் பாருங்கள், கீழாநெல்லியும் கொடுங்கள்.

கோட்டையூர்க்காரி:
காய்ச்சலுக்குக் கடையில் வாங்கிய பாராசிட்டமாலையும் போட்டுக்கொண்டிருக்கிறான்.

காரைக்குடி மருந்தாளுநர்:
அதை உடனே நிறுத்துங்கள் அம்மா. அளவு மீறினால் அதுவே ஈரலைக் கெடுக்கும். கீழாநெல்லியும் முடிவு வரும்வரை வேண்டாம். இதுவரை கொடுத்தது எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இன்றே கூட்டிப் போங்கள். பேச்சு குழறினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ 108ஐ அழையுங்கள்.