வெட்டிப் பரப்பப்படும் என் குரல்பதிவு: யாரை அணுகுவது?

மதுரையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். கொரோனா வந்து ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் இறங்கினால், மருத்துவமனைக்கு வந்து சேரும் வரை குப்புறப் படுத்திருங்கள் என்று 2021 மே முதல் வாரத்தில் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் அனுப்பிய குரல்பதிவிலிருந்து, ‘மருத்துவமனைக்கு வந்து சேரும் வரை’ என்னும் சொற்களை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். படுத்தாலே போதும் என்பதுபோல் இப்போது அது ஒலிக்கிறது. நேற்று ஆக்சிஜன் அளவு 82-ஆக இறங்கிய நிலையில் அழைத்துவரப்பட்ட முதியவரின் மகன், என் குரல் என்று அறியாமல் எனக்கே அதைப் போட்டுக் காட்டினார்.

கால வரம்பு கடந்ததால் மூலப்பதிவை நீக்க இயலவில்லை, நீக்கியிருந்தாலும் பயனில்லை. முழுப் பதிவை மீண்டும் அனுப்பினேன், அது எங்கள் குழுவைத் தாண்டவே இல்லை. வாட்ஸ்அப்பில் அளித்த புகாருக்குப் பதில் வரவில்லை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மைச் சரிபார்ப்புப் பிரிவோ மத்திய அரசு தொடர்பான செய்திகளையே ஆராய்கிறது. மூலப்பதிவு, அனுப்பிய நேரத்துடன் என்னிடம் உள்ளது.

என் பெயரும் பணியிடமும் வெளிவராமல், தமிழில் மறுப்பு வெளியிட இதை யாரிடம் கொடுக்கலாம்?